கோட்டையைக் கட்டியது யார்?



ஒரு பழைய ஜோக் இருக்கு. எல்லாருக்கும் தெரிந்ததுதான். வகுப்பில் ஆசிரியர் கேட்கிறார்: "தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது யார்?" கடைசி வரிசையில் இருக்கும் பையன் எழுந்து, "கொத்தனார், சார்!" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது. ஆசிரியர் தலையில் அடித்துக்கொண்டு, "ராஜராஜ சோழன்டா" என்கிறார்.

நான் இப்போது சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்று அந்த ஜோக்கை நினைத்தால் ஒரு சந்தேகம் வருகிறது. அந்தப் பையன் சொன்ன பதிலில் தப்பு எங்கே இருக்கு?

நம் தமிழில் 'கட்டினார்' என்ற சொல் ரொம்ப தாராளமானது. "எங்கப்பா வீடு கட்டினார்" என்கிறோம். அப்பா ஒரு செங்கல்லைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். அவர் கட்டியது பேங்க் லோன்! இருந்தாலும் வீட்டைக் கட்டியவர் அவர்தான். சாந்து குழைத்தவர், கல் சுமந்தவர், சாரத்தில் நின்று பூசியவர் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் காணாமல் போய்விடுகிறார்கள்.

இது வெறும் இலக்கண விஷயம் இல்லை, தர்மம் சம்பந்தப்பட்ட கேள்வி என்று எனக்குப் புரிய வைத்தது ஒரு குடும்பப் பயணம். அதைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கோட்டை பார்க்கப் போனோம்

போன பள்ளி விடுமுறையில் அப்பா ஒரு கேம்பர்வேனை வாடகைக்கு எடுத்தார். உள்ளேயே படுக்கை, சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் இருக்கும் வண்டி. அப்பா, அம்மா, பாட்டி, படிவம் நான்கு படிக்கும் தங்கச்சி, நான், மொத்தம் ஐந்து பேர். தங்கச்சிக்கு ஒரே ஆசை: மலை மேல் இருக்கும் தேவதைக் கதைக் கோட்டையைப் பார்க்கணும். அவள் போனில் வைத்திருந்த படம் ஜெர்மனியில் இருக்கும் நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை. டிஸ்னிலேண்டில் இருக்கும் தூங்கும் அழகியின் கோட்டைக்கு அதுதான் மாதிரி என்பார்கள். ஜெர்மனிக்குப் போக வசதி இல்லை. ஆனால் ரவாங் டோலில் ஏறி வடக்கே போனால், தஞ்சோங் மாலிம், தாப்பா தாண்டி, கோப்பேங்கில் இறங்கினால் நமக்கும் ஒரு கோட்டை இருக்கு. பேராக், பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லீஸ் காசல்.

உங்களில் பலர் பள்ளிச் சுற்றுலாவில் போயிருப்பீர்கள். கதையைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். வில்லியம் கெல்லி ஸ்மித் 1870-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இருபது வயதில் மலாயாவுக்கு வந்தார். கிந்தா மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் போட்டுப் பணக்காரர் ஆனார். முதலில் ஒரு மாளிகை கட்டினார். மகன் பிறந்த 1915-ஆம் ஆண்டில் அதைவிடப் பெரிதாக இன்னொன்றைத் தொடங்கினார். அவருக்கு இந்தியக் கட்டடக் கலை மேல் பெரிய மோகம். அதனால் மதராஸ் மாகாணத்திலிருந்து சுமார் 70 கைவினைஞர்களை வரவழைத்தார் என்று சொல்கிறார்கள். செங்கல்லும் சலவைக்கல்லும்கூட இந்தியாவிலிருந்து வந்ததாம். ஆறு மாடி உயரத்துக்கு ஒரு கோபுரம், அதில் மலாயாவின் முதல் மின்தூக்கி என்பது திட்டம்.

கோட்டை முடியவில்லை. 1926-இல் ஐரோப்பா போன ஸ்மித், போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் நிமோனியா காய்ச்சலில் இறந்துபோனார். மனைவி சொத்தை விற்றுவிட்டார். கட்டடம் பாதியிலேயே நின்றது, காடு ஏறியது. 1999-இல் 'அன்னா அண்ட் தி கிங்' ஆங்கிலப் படத்தின் சில காட்சிகளை அங்கே எடுத்தார்கள். இன்று அது பேராக்கின் பெரிய சுற்றுலாத் தலம். பேய்க் கதைகளும் சுரங்கப்பாதைக் கதைகளும் ஏராளம்.

தங்கச்சி போட்டோ எடுத்துத் தள்ளினாள். அம்மா வளைவுகளைப் பார்த்து, "நம்ம ஊர்க் கோயில் மண்டபம் மாதிரியே இருக்குல்ல" என்றார். பாட்டி மட்டும் ஒன்றும் பேசவில்லை. சுவரில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிந்த ஓர் இடத்தில் நின்று, கையை வைத்துத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பாட்டி பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். லயத்து வீடு, ஆயாக்கொட்டகை, விடியற்காலை பெரட்டுக் களம், பிறகு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டு. முப்பது வருஷம் அதுதான் வாழ்க்கை. அவருக்குச் செங்கல்லில் என்ன தெரிந்ததோ. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இத கட்டுன ஆளுங்க பேரு எங்கயாச்சும் இருக்கா?"

துரை நிற்கும் கோபுரம்

கோட்டையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கு. கோட்டைக்கு வரும் பலர் அங்கே போவதில்லை. ஆனால் அது இல்லாமல் கோட்டையின் கதை பாதிதான்.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான், 1918-இல், உலகம் முழுக்கப் பரவிய ஸ்பானிய ஃபுளூ மலாயாவுக்கும் வந்தது. கடல் தாண்டி வந்த கைவினைஞர்களில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் ஸ்மித்திடம் போய், அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். நோய் என்றால் மாரியாத்தாளிடம் போவதுதானே நம் வழக்கம். ஸ்மித் சம்மதித்தார். கோயில் எழும்பியது. நன்றிக்கு அடையாளமாக அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கோயிலின் மேலே, தெய்வச் சிலைகளுக்கு நடுவில், கோட்டும் தொப்பியும் போட்ட ஸ்மித்தின் உருவத்தையும் வைத்தார்கள்.

அந்தச் சிலையைப் பார்த்ததும் தங்கச்சிக்குக் கோபம் வந்தது. "வெள்ளக்காரன எதுக்கு சாமிகூட நிக்க வைக்கணும்? இது அடிமைப் புத்தி இல்லையா?" என்றாள்.

பாட்டி விடவில்லை. "கேட்டப்ப கோயில் கட்டிக் குடுத்தான்ல? செஞ்சத மறக்கக் கூடாதும்மா."

அப்பா நடுவில் புகுந்தார். "அவரு சம்பளம் குடுத்தாரு, இவங்க வேலை செஞ்சாங்க. கணக்கு தீந்துச்சு. இதுல பேரு எழுதுறதுக்கு என்ன இருக்கு?"

அன்றைக்கு ராத்திரி கேம்பர்வேனில் மேகி மீயைக் கிண்டிக்கொண்டே இதைப் பற்றிப் பேசினோம். மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாக எனக்குப் பட்டது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தங்கச்சியின் கேள்வி. அது அடிமைப் புத்தியா? அடிமைப் புத்தி என்றால் பயத்தில் கும்பிடுவது. இவர்கள் செய்தது வேறு. தாங்கள் கட்டிய கோயிலில், தங்கள் தெய்வங்களின் காலடிக்குத் துரையை அழைத்து வந்து, 'நீ செய்த நல்லதை நாங்கள் மறக்கவில்லை' என்று சிமெண்டில் எழுதிவைத்தார்கள். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் என்று ஒரு முழு அதிகாரமே இருக்கு. படித்தார்களோ இல்லையோ, அந்த அதிகாரத்தை அவர்கள் வாழ்ந்து காட்டினார்கள். பாட்டி சொன்னது சரி.

ஆனால் நன்றி என்பது இரண்டு பக்கமும் உள்ள கணக்கு. தொழிலாளர்கள் தங்கள் பக்கத்துக் கணக்கை முடித்துவிட்டார்கள், அதுவும் வட்டியோடு. மறுபக்கம்? கோட்டைக்கு ஸ்மித்தின் பெயர். தோட்டத்துக்கும் அவர் ஊரின் பெயர். கட்டியவர்களைப் பற்றி நாம் சொல்லும் கதையில் 'எழுபது பேர்' என்று ஓர் எண் வருகிறது, அவ்வளவுதான். ஓர் ஆளை அவர்கள் உருவத்தோடு நினைவில் வைத்தார்கள். அவர்கள் எழுபது பேரை நாம் எண்ணாக மட்டும் வைத்திருக்கிறோம்.

சம்பளம் கொடுத்தால் போதுமா?

அப்பா சொன்ன வாதம் லேசானது இல்லை. இன்று உலகமே அப்படித்தான் நடக்கிறது. உழைப்பு ஒரு சரக்கு, சம்பளம் அதன் விலை, விலை கொடுத்தாச்சு என்றால் உறவு முடிந்தது.

ஆனால் நாம் உண்மையில் அப்படி வாழ்கிறோமா? ஆசிரியருக்கும் அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது. இருந்தாலும் ஆசிரியர் தினத்தன்று அவர் முன்னால் கைகட்டி நிற்கிறோம், வழியில் பார்த்தால் மோட்டாரை நிறுத்தி வணக்கம் சொல்கிறோம். அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்குப் பீஸ் கட்டிவிட்டோம் என்பதற்காக அவரை மறந்துவிடுகிறோமா? சம்பளம் ஒருவருடைய நேரத்துக்கு விலை. அவர் கைத்திறனுக்கும், அவர் எடுத்த ஆபத்துக்கும், ஊர் விட்டு வந்த பிரிவுக்கும் அது முழு விலை ஆகாது. ஃபுளூவில் செத்தவர்களுக்கு எந்தச் சம்பளப் பட்டியலில் கணக்குத் தீரும்?

தங்கச்சியின் போனில் இருந்த ஜெர்மன் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை 1869-இல் தொடங்கியவர் பவேரியா நாட்டு அரசர் இரண்டாம் லுட்விக். அவரும் அதை முடிக்கவில்லை. 1886-இல் இறந்தார். அதே ஆண்டில் கோட்டையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-இல் அது யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. ஆனால் அங்கே கட்டட வேலை செய்தவர்களுக்காக ஒரு சங்கம் இருந்தது. நோயில் விழுந்தவர்களுக்கும் அடிபட்டவர்களுக்கும் அதிலிருந்து உதவி போனது. வேலையில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு ஒரு சிறிய உதவித்தொகையும் கிடைத்தது. கனவில் வாழ்ந்த ராஜா என்று கேலிக்கு ஆளானவரின் கோட்டையில்கூட, 'சம்பளத்தோடு கணக்கு முடியவில்லை' என்ற எண்ணம் கொஞ்சம் இருந்திருக்கிறது.

பலனை எதிர்பாராதே என்றால்?

இங்கே நம் இயக்கத்து நண்பர்கள் சிலர் வேறு ஒரு கேள்வி கேட்கக்கூடும். கேட்க வேண்டிய கேள்விதான். "கீதை என்ன சொல்லுது? பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய் என்றுதானே? உண்மையான கர்மயோகி பெயரைத் தேட மாட்டான். அப்புறம் நீ ஏன் பெயர் பெயர் என்று அடித்துக்கொள்கிறாய்?"

இதை நான் நிறைய யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் இதுதான். அந்த உபதேசம் யாருக்குச் சொன்னது? செய்கிறவனுக்கு. வில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அர்ஜுனனுக்கு. செய்கிறவன் பலனில் பற்று வைக்கக் கூடாது என்பது அவன் மனத்துக்கு மருந்து. அந்த மருந்துச் சீட்டை வாங்கிக்கொள்கிறவன் எடுத்துத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்த முடியாது. 'நீதான் பலனை எதிர்பார்க்கக் கூடாதே, அதனால் நான் உன்னை மறந்துவிடுகிறேன்' என்று சொன்னால் அது கர்மயோகம் இல்லை, சுரண்டல்.

அம்மா சமைக்கிறார். பாராட்டை எதிர்பார்த்துச் சமைப்பதில்லை. அது அம்மாவின் பெருமை. அதற்காக நாம் ஒரு நாளும் "நல்லா இருக்கும்மா" என்று சொல்லாமல் தட்டை வைத்துவிட்டு எழுந்தால், அது யாருடைய குறை? எதிர்பாராமல் இருப்பது கொடுப்பவருடைய தர்மம். மறக்காமல் இருப்பது பெறுபவருடைய தர்மம். இரண்டும் வேறு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றிலிருந்து தப்பிக்க முடியாது.

நம் சமயம் இதைத் தெளிவாகவே வைத்திருக்கிறது. மனிதன் பிறக்கும்போதே தேவர்களுக்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டுத்தான் பிறக்கிறான் என்பது வேதத்தின் கருத்து. நாம் சம்பாதிக்கத் தொடங்கும் முன்பே கடனாளிகள்! அந்தப் பித்ரு கடனை எப்படித் தீர்க்கிறோம்? ஆடி அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது ஐயர் முதலில் கேட்பது, "பேர் சொல்லுங்க" என்றுதான். அப்பா, தாத்தா, கொள்ளுத் தாத்தா என்று மூன்று தலைமுறைப் பெயர் வேண்டும். பணம் வேண்டாம், பட்டம் வேண்டாம், பெயர் வேண்டும். நம்மில் எத்தனை பேருக்குக் கொள்ளுத் தாத்தாவின் பெயர் தெரியும்? கெல்லி ஸ்மித்தின் பெயர் தெரியும். கப்பலில் வந்த நம் சொந்த முப்பாட்டனின் பெயர் தெரியாது.

ராஜா தேடிப் போன கதை

ஆங்கிலத் தேவதைக் கதைகளில் கோட்டை தானாக முளைத்து நிற்கும். உள்ளே ராஜகுமாரி இருப்பாள், கதை தொடங்கும். நம் கதைகள் அப்படி இல்லை. பாண்டவர்களின் மாய சபையைக் கட்டியவன் மயன் என்று மகாபாரதம் பெயர் சொல்லும். அதையும் அவன் கூலிக்காகக் கட்டவில்லை. காண்டவ வனத்துத் தீயில் தன் உயிரைக் காப்பாற்றிய அர்ஜுனனுக்கு நன்றிக்கடனாகக் கட்டினான்.

பெரிய புராணத்தில் பூசலார் நாயனார் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். திருநின்றவூரில் கையில் காசில்லாத ஒரு பக்தர், மனத்திலேயே கல் சேர்த்து, தச்சரை வைத்து, நாள் பார்த்து, சிவனுக்கு ஒரு கோயில் கட்டி முடித்தார். அதே நேரத்தில் காஞ்சிபுரத்தில் பல்லவ மன்னன் பெரிய கற்கோயில் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்திருந்தான். சிவபெருமான் அரசன் கனவில் வந்து, அந்த நாளில் தாம் பூசலார் கட்டிய கோயிலுக்குப் போவதாகவும், அரசன் வேறு நாள் வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

இந்தக் கதையைப் 'பக்தி பெரிதா, பணம் பெரிதா' என்றுதான் எப்போதும் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நான் அந்த அரசனைக் கவனிக்கச் சொல்கிறேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. 'இவ்வளவு செலவு செய்த என்னை விட்டுவிட்டு யார் அந்தப் பூசலார்?' என்று பொறாமைப்படவும் இல்லை. ஊர் தேடி வந்தான், கோயில் எங்கே என்று கேட்டான், கோயிலே இல்லை என்று ஊரார் சொன்ன பிறகும் திரும்பிப் போகாமல் ஆளைத் தேடினான், கண்டான், காலில் விழுந்தான். கல்லால் கட்டியவன், பெயர் தெரியாத ஒருவனைத் தேடிப் போனான். அந்தத் தேடல்தான் நமக்குப் பாடம்.

ராஜராஜனையும் விட்டுவிடக் கூடாது. 1010-இல் முடிந்த பெரிய கோயிலின் சுவர்களில், தான் கொடுத்தது, அக்கா குந்தவை கொடுத்தது, மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் அவன். தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனின் பெயர் அங்கே இருக்கு. கோயில் பணிக்கு வந்த 400 தளிச்சேரிப் பெண்களின் பெயர்களும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும் இருக்கு. துணி வெளுப்பவர், முடி திருத்துபவர், தையல்காரர் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. உண்மைதான், கல் இழுத்த ஆயிரக்கணக்கானவர்கள் அதில் இல்லை. அந்தக் குறையும் இருக்கு. ஆனால் பெயரை எழுதணும் என்ற எண்ணம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே நம்மிடம் இருந்திருக்கிறது. இன்று அது எங்கே போனது?

மலையிலும் ரவாங்கிலும்

பத்து காஜாவிலிருந்து கிளம்பி, சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறினோம். தங்கச்சி தேடிய தேவதைக் கதைக் காட்சி அங்கேயும் இருந்தது. தானா ராத்தாவில் ஆங்கிலேய பாணியில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய வீடுகள், 1937-இல் கட்டிய ஸ்மோக் ஹவுஸ், பனி, பூக்கள். பிறகு தேயிலைச் சரிவுகள். போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் தொடங்கினார் என்று எல்லாக் குறிப்பிலும் இருக்கும். ஆனால் அந்தச் செங்குத்தான மலையில் காட்டை வெட்டியவர்கள், வரிசை பிடித்துச் செடி நட்டவர்கள் யார்? நம் ஆட்களும் அதில் உண்டு. இன்று கேமரன் மலையில் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் வேலை செய்கிறார்கள். ஆட்கள் மாறினார்கள், கணக்கு மாறவில்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ரவாங்கையே பாருங்கள். மலாயாவில் முதன்முதலில் மின்சாரம் உற்பத்தியானது 1894-இல், ரவாங் ஈயச் சுரங்கத்தில். லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் அந்த மின்னியந்திரத்தை அமைத்தார்கள். நமக்கு அது பெருமை. ஆனால் அந்தச் சுரங்கத்தில் சேற்றில் நின்ற சீனக் கூலிகள், வண்டி இழுத்தவர்கள், இயந்திரத்தைக் காவல் காத்தவர்கள் யார் பெயரும் நம் வாயில் வராது. நம்மைச் சுற்றி இருந்த தோட்டங்கள் பல இப்போது தாமான்களாகிவிட்டன. லயம் போச்சு, ஆயாக்கொட்டகை போச்சு. சில இடங்களில் கோயில் மட்டும் மிச்சம்.

தொழிற்பயிற்சிக்காக ஒரு வீடமைப்புத் திட்டத்தில் மூன்று மாதம் இருந்தேன். வாசலில் பெரிய பலகை. மேம்பாட்டாளர், கட்டடக் கலைஞர், பொறியாளர், குத்தகையாளர் என்று எல்லார் பெயரும் அதில் இருந்தது. உள்ளே வங்காளதேசத்துக்காரர் ஒருவர் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். கான்கிரீட் ஊற்றும் முன், டேப் கூட எடுக்காமல், பார்த்தவுடனே, "இங்கே கம்பி பலகைக்கு ரொம்பக் கிட்ட இருக்கு" என்று மலாயில் சொன்னார். அளந்து பார்த்தால் அவர் சொன்னது சரி. அந்த இடைவெளி குறைந்தால் சில வருஷத்தில் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், கான்கிரீட் வெடிக்கும். அந்த வீட்டில் நாளைக்குக் குடிவரப்போகும் குடும்பத்துக்கு அவர் யார் என்று தெரியாது. ஆனால் தலைக்கு மேல் கூரை உறுதியாக நிற்பதில் அவர் கண்ணுக்கும் பங்கு இருக்கு. பலகையில் அவர் பெயர் இல்லை.

நம் முன்னோர் நூறு வருஷத்துக்கு முன்னால் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார். கெல்லி கோட்டையின் எழுபது பேருக்காக நாம் வருத்தப்படுவது உண்மையா, வெறும் உணர்ச்சிவசமா என்பது இங்கேதான் தெரியும். 'நம் ஆட்களை மறந்துவிட்டார்கள்' என்று பேசிக்கொண்டே, நம் வீட்டைக் கட்டுகிறவரை 'பங்களா' என்று மட்டும் கூப்பிட்டால், நமக்குத் தர்மத்தில் அக்கறை இல்லை, சொந்த இனத்தில் மட்டும்தான் அக்கறை என்று ஆகிவிடும். எல்லா உயிரிலும் ஈசன் இருக்கிறான் என்று பஜனையில் பாடுகிறோம். அந்த எல்லா உயிரில் அவரும் அடங்குவார்தானே?

நாம் என்ன செய்யலாம்?

கோட்டையை வெறுக்கச் சொல்லவில்லை. அழகான கட்டடம், போய்ப் பாருங்கள். ஸ்மித்தைத் திட்டவும் சொல்லவில்லை. பணமும் கனவும் இல்லாமல் கோட்டை எழும்பாது என்பதும் உண்மை. பெரியவர்களின் பெயரை அழித்துச் சின்னவர்களின் பெயரை எழுதணும் என்பது இல்லை. சுவரில் இடம் நிறைய இருக்கு. நம்மால் முடிந்த சில காரியங்களைச் சொல்கிறேன்.

கெல்லீஸ் காசல் போனால், போட்டோ எடுத்த கையோடு திரும்பாதீர்கள். மாரியம்மன் கோயிலுக்கும் போய் ஒரு சூடம் ஏற்றுங்கள். அர்ச்சனைச் சீட்டில் உங்கள் பெயரும் நட்சத்திரமும் இருக்கட்டும். மனசுக்குள் அந்தப் பெயர் தெரியாத எழுபது பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம் வட்டாரக் கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ரவாங், குவாலா சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா பக்கம் எத்தனையோ தோட்டத்துக் கோயில்கள் இருக்கு. அவற்றைக் கட்டியது எந்தக் கங்காணி, எந்த மண்டோர், சம்பளத்தில் மாதா மாதம் வெள்ளி கொடுத்தது எந்த லயத்துக் குடும்பங்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எண்பது வயதைத் தாண்டியவர்கள். அடுத்த திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் போடும் நேரத்தில், இரண்டு பேர் போனில் ரெக்கார்ட் பண்ணிக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். பெண்களின் பெயர்களை மறக்காமல் கேளுங்கள். எழுதி வைக்கும் பட்டியல்களில் முதலில் விடுபடுவது அவர்கள்தான்.

என்னைப் போல இன்ஜினியரிங், கட்டடத் துறை படிக்கிறவர்களுக்கு: நாளைக்கு நாம் தளத்தில் நிற்கும்போது நமக்குக் கீழே இருப்பவர்களின் பெயரைத் தெரிந்துவைத்துக்கொள்வோம். அவருடைய தலைக்கவசமும் பாதுகாப்பு வாரும் நம்முடைய வரைபடம் அளவுக்கு முக்கியம். திட்டம் முடிந்து திறப்பு விழா வைத்தால், கம்பி கட்டியவரும் கலவை போட்டவரும் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். இவ்வளவு செய்தாலே நம் தொழிலில் கொஞ்சம் தர்மம் சேரும்.

வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. கேமரன் மலையில் கடைசி ராத்திரி, குளிருக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு பாட்டி பேசிக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா இளைஞராக ரஜூலா கப்பலில் பினாங்கு வந்து இறங்கியது, கூட வந்த தம்பி வந்த இரண்டாவது வருஷமே காய்ச்சலில் போனது, தோட்டத்துக் கோயிலுக்கு முதல் கல் எடுத்து வைத்தது எல்லாம். மூன்று தலைமுறைப் பெயர்கள் வந்தன. நான் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். அந்தப் பெயர்களை இங்கே போடவில்லை, அவை எங்கள் வீட்டுச் சாமி மேடைக்கு உரியவை. வரும் ஆடி அமாவாசையில் அப்பாவுக்கு அவை தேவைப்படும்.

உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். இந்த வாரமே கேளுங்கள். அடுத்த விடுமுறை வரைக்கும் தள்ளிப்போட வேண்டாம்.